எச்.ஆர். தேடுவதற்கு முன் நீங்களே தேடிப் பாருங்கள்

கிண்டியில் ஒரு கன்சல்டன்சியில் வேலை பார்க்கிறேன். ஐ.டி., பி.பி.ஓ., வங்கி சார்ந்த நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். இன்டர்வியூவை நன்றாக முடித்துவிட்டு ஆஃபர் லெட்டருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எனக்கு ஃபோன் செய்து, "மேடம், என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். நிறுவனத்திலிருந்து எனக்கு வந்த பதில் பல சமயம் "வேற ஒருத்தரை எடுத்துட்டோம்" என்பதோடு முடிந்திருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் சில நேரம் அவர்களுடைய சமூக ஊடகப் பக்கம் இருக்கிறது. அதை யாரும் அவர்களிடம் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யார் பார்க்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பை வெளி ஏஜென்சியிடம் கொடுத்துவிடும். எங்கள் வட்டாரத்தில் அதை பி.ஜி.வி. என்போம். மார்க் ஷீட், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், முகவரி, போலீஸ் வழக்கு ஏதும் உண்டா என்பதையெல்லாம் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு முறைப்படி பார்ப்பார்கள். சமூக ஊடகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் நான் அதிகம் பார்ப்பது வேறு. உங்களை டீமில் எடுக்கப்போகிற மேனேஜரோ எச்.ஆரில் இருப்பவரோ, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பத்து நிமிடம் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுவார். அதற்குப் படிவமும் கிடையாது, பதிவும் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எந்த வழியாக வருவாரோ அதே வழியாக நீங்களும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஃபோன் நம்பரிலிருந்து தொடங்குங்கள்

ரெஸ்யூமில் எல்லோரும் முதலில் தொடுவது நம்பரைத்தான். ட்ரூகாலரில் அந்த நம்பருக்கு ஒரு பெயர் வரும். அது நீங்கள் வைத்த பெயராக இருக்க வேண்டும் என்றில்லை. மற்றவர்கள் தங்கள் ஃபோனில் உங்களை எப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்களோ, அந்தப் பெயராகவும் இருக்கலாம். 'மெக் பி செக்‌ஷன் மாமு', 'லோன் செந்தில்' என்றெல்லாம் என் திரையில் வந்திருக்கிறது. வங்கி வேலைக்கு ஆள் தேடுகிறவர் 'லோன் செந்தில்' என்று பார்த்தால் ஒரு நொடி யோசிக்கத்தான் செய்வார். சிம் உங்களுக்கு முன்னால் வேறு ஒருவரிடம் இருந்திருந்தால் அவர் பெயரே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நண்பர் ஒருவரின் ஃபோனில் உங்கள் நம்பரைப் போட்டுப் பாருங்கள். தப்பாக இருந்தால் ட்ரூகாலரில் பதிவு செய்து சான்றிதழில் உள்ள பெயரையே வையுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். இன்டர்வியூ நடக்கும் இடத்தின் லொக்கேஷனை அனுப்ப எச்.ஆர். உங்கள் நம்பரைச் சேமிப்பார். உடனே டி.பி.யும் 'அபவுட்' வரியும் அவர் கண்ணில் படும். டி.பி.யில் நடிகர் இருப்பதால் யாரும் வேலையை மறுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அரிவாள், சிகரெட், யாரையோ குத்திக்காட்டும் வரி எல்லாம் வேண்டாம். ப்ரைவசி அமைப்பில் டி.பி.யையும் அபவுட்டையும் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிட்டால் நீங்கள் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மெயில் ஐ.டி. பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் பெயரில் ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கார்த்திக்

பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து கூகுளில் உங்கள் பெயரைப் போடுங்கள். உங்கள் கணக்கிலேயே தேடினால் உங்களுக்கென்று கூகுள் மாற்றித் தரும் முடிவுகளும் சேர்ந்து வரும், அது உதவாது. பெயருடன் கல்லூரி, பெயருடன் ஊர், மெயில் ஐ.டி., ஃபோன் நம்பர், இன்ஸ்டாவில் வைத்திருக்கும் யூசர் நேம் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். படங்கள் பகுதியையும் விடாமல் பாருங்கள்.

நம் பெயர் முறையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கார்த்திக் எஸ், எஸ். கார்த்திக், கார்த்திக் சுப்பிரமணியன் எல்லாம் ஒரே ஆளாகவும் இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். ஈரோட்டுப் பையன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. எல்லா ரவுண்டும் முடிந்த பிறகு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டு, "இவர் ஃபேஸ்புக்ல ஒரு அடிதடி வீடியோ இருக்கே, பார்த்தீங்களா?" என்றார்கள். லிங்க்கை அனுப்பச் சொன்னேன். அதே பெயர், அதே ஊர், ஆனால் முகம் வேறு, படித்த கல்லூரியும் வேறு. இவனுடைய ரெஸ்யூமில் லிங்க்ட்இன் முகவரி இல்லை, எங்கும் போட்டோ இல்லை. தேடியவருக்குக் கையில் கிடைத்த கார்த்திக்கை இவன்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். லிங்க்கைக் கேட்டு வாங்கியதால் அந்த முறை வேலை கிடைத்தது. எல்லா இடத்திலும் இடையில் ஒரு ஆள் நின்று லிங்க் கேட்க மாட்டார்.

ஆகவே லிங்க்ட்இன் முகவரியை ரெஸ்யூமின் தலையிலேயே போடுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் போட்டோ ஒன்று அதில் இருக்கட்டும். சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ரெஸ்யூமிலும் லிங்க்ட்இன்னிலும் எழுதுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதானால் எல்லா இடத்திலும் விரித்தே எழுதுங்கள். நான் எல்லோரிடமும் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். உங்களைத் தேடுகிறவருக்குச் சரியான ஆள் எளிதாகக் கிடைத்துவிட்டால் தப்பான ஆளை அவர் தேடிப் போக மாட்டார்.

லிங்க்ட்இன்னைத் திறந்தால் முதலில் தேதிகளைத்தான் பார்ப்போம். ரெஸ்யூமில் 2023 மார்ச்சில் வேலையை விட்டதாக இருக்கும், லிங்க்ட்இன்னில் இன்னும் 'தற்போது' என்று ஓடிக்கொண்டிருக்கும். மறந்துதான் போயிருப்பீர்கள், ஆனால் பார்க்கிறவருக்கு இரண்டில் ஒன்று பொய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாகச் சரிபாருங்கள். இன்ஸ்டாவில் கேக் செய்து விற்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதை எச்.ஆரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை செய்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகு பக்கவேலை பற்றிய கேள்வி என்னிடம் நிறைய வருகிறது. கேக் விற்பது குற்றமே இல்லை. அவர்களாகக் கண்டுபிடிக்கும்போதுதான் மறைத்ததாக ஆகிவிடுகிறது.

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவர்கள் லிங்க்ட்இன் போட்டோவைச் சுற்றி வரும் 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையத்தைப் போட வேண்டாம். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதி உண்டு. அதுகூட உங்கள் இப்போதைய கம்பெனிக்கு நிச்சயம் தெரியாது என்று லிங்க்ட்இன் உறுதி தருவதில்லை.

கமென்ட்தான் ஆபத்து

போட்டோக்களைப் பற்றிப் பயப்படுகிறவர்களே அதிகம். "கோவா போன போட்டோவை எடுத்துடவா மேடம்?" என்று கேட்பார்கள். அதைவிட நூறு மடங்கு கவனிக்க வேண்டியது நீங்கள் அடுத்தவர் பக்கத்தில் எழுதியதை.

திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன். மூன்று ரவுண்டிலும் நிதானமாகப் பதில் சொன்னவன், எனக்கு மிகவும் பிடித்துப்போனவன். அவனுடைய எக்ஸ் (பழைய ட்விட்டர்) பக்கத்தைத் திறந்தால் கிரிக்கெட்டும் பைத்தான் குறிப்புகளும்தான் இருந்தன. மேனேஜர் 'ரிப்ளைஸ்' என்ற பகுதியைத் தட்டியிருக்கிறார். கல்லூரி இரண்டாம் வருடத்தில், ஐ.பி.எல். நடந்த ஒரு ராத்திரியில், வர்ணனை செய்யும் பெண் ஒருவரின் பதிவுக்குக் கீழே அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி அடுத்தடுத்து எழுதியிருந்தான். யாரோ தட்டிக்கேட்டதற்கு அவருடைய அம்மாவை இழுத்து ஒரு பதில். அந்த மேனேஜர் ஒரு பெண். ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். "என் டீம்ல பாதிப் பேர் பொண்ணுங்க. இவரை நான் அவங்க பக்கத்துல எப்படி உட்கார வைப்பேன், சொல்லுங்க?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் இப்போது அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் அதைக் காட்ட என் கையில் எதுவும் இல்லை.

எக்ஸில் நீங்கள் போடும் லைக்குகள் 2024 ஜூனிலிருந்து மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. ரிப்ளைகள் அப்படியே தெரிகின்றன. ஃபேஸ்புக்கில் 2020இல் இந்தியாவுக்கு வந்த 'ப்ரொஃபைல் லாக்' வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அந்த லாக் உங்கள் பக்கத்தைத்தான் மூடும். செய்திச் சேனல், சினிமாப் பக்கம், பொதுக் குழு என்று போய் எழுதிய கமென்டுகள் எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு நடுத்தெருவில் நின்று கத்துவது போலத்தான் அது. அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர் உங்கள் நண்பர் பட்டியலில் இருந்தால் போதும், நீங்கள் எங்கே என்ன எழுதினீர்கள் என்று அவருடைய ஃபீடிலேயே வந்து நிற்கும். "இந்தப் பையனைத் தெரியுமா?" என்று மேனேஜர் முதலில் கேட்பதும் அவரிடம்தான்.

ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யலாம். ஃபேஸ்புக்கில் 'ஆக்டிவிட்டி லாக்' பகுதிக்குப் போனால் நீங்கள் எழுதிய கமென்டுகள் எல்லாம் தேதி வாரியாக வரும். பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' இருக்கிறது. ஒரே தட்டில் முடிந்துவிடும், ஆனால் அதே மாதிரி ஒரே தட்டில் திருப்ப முடியாது. இன்ஸ்டாவில் 'யுவர் ஆக்டிவிட்டி' பகுதியில் கமென்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். யூடியூப் கமென்டுகளைப் பலர் மறந்தே போகிறார்கள். கூகுள் கணக்கின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில், 'அதர் ஆக்டிவிட்டி' என்பதற்குக் கீழே அவை பட்டியலாகக் கிடைக்கும். எக்ஸில் 'அட்வான்ஸ்டு சர்ச்' போய் உங்கள் கணக்குப் பெயரையும், கோபத்தில் உங்கள் வாயில் வழக்கமாக வரும் வார்த்தைகளையும் போட்டுத் தேடுங்கள். கூச்சப்படாமல் எல்லா வார்த்தைகளையும் போடுங்கள். கூகுள் மேப்ஸில் பழைய கம்பெனிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து ஓனரைத் திட்டியிருந்தால் அதுவும் உங்கள் பெயரில்தான் நிற்கிறது. 'கான்ட்ரிபியூட்' பகுதியில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அழித்த பிறகும் கூகுள் தேடலில் பழைய வரி சில நாள் தெரியும். அதை நீக்கச் சொல்லிக் கோருவதற்குக் கூகுளிலேயே தனிப் பக்கம் உண்டு. இன்ஸ்டாவில் ப்ரொஃபெஷனல் கணக்கு வைத்திருப்பவர்களின் பொதுப் படங்களும் வீடியோக்களும் 2025 ஜூலையிலிருந்து கூகுள் போன்ற தேடல்களிலும் வரத் தொடங்கியிருக்கின்றன. ப்ரைவசி அமைப்பில் அதை நிறுத்திவைக்கலாம்.

சாதி, கட்சி, ஐ.டி. கார்டு

பயோவில் சாதிப் பெயர், ஆண்ட பரம்பரை என்று பாட்டுப் போட்ட ரீல்ஸ், திருவிழா ஊர்வலத்தில் அரிவாளோடு ஒரு போஸ். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது, எடுத்துவிடுங்கள். வேலைக்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. அலுவலகத்தில் நாளைக்கு உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிறவர் அதைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கட்சி வேறு. ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டதையோ, அரசாங்கத்தைக் கேள்வி கேட்டதையோ, நீட் தேர்வு பற்றி எழுதியதையோ நான் குறையாக எடுத்துக்கொண்டதில்லை, யாரிடமும் அழிக்கவும் சொல்வதில்லை. ஆனால் எல்லா மேனேஜரும் அப்படி நினைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். படிப்புக் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது, கொள்கையைப் பார்க்காத கம்பெனியாகத் தேடிப் போ என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் வேலை கிடைக்கும்வரை அந்தப் பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருத்து உங்களுடையதாகவே இருக்கும். மொழியை மட்டும் பாருங்கள். ஒரு தலைவரை விமர்சிப்பதும் அவர் குடும்பத்துப் பெண்களைப் பேசுவதும் ஒன்றல்ல.

பழைய அலுவலகத்தில் எடுத்த செல்ஃபிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டில் எம்ப்ளாயி நம்பர் தெரிகிறதா, பின்னால் மானிட்டரில் கிளையன்ட் பெயரோடு ஷீட் ஏதாவது திறந்திருக்கிறதா, ஒயிட்போர்டில் என்ன எழுதியிருக்கிறது? வங்கி, மருத்துவ ப்ராஜெக்டுகளில் வேலை செய்யும் தளத்துக்குள் ஃபோனையே விடாத நிறுவனங்கள் உண்டு. அங்கே ஆள் எடுப்பவர், இங்கே படம் எடுத்தவர் நம்மிடமும் எடுப்பார் என்றுதான் நினைப்பார். ஆஃபர் லெட்டரைச் சம்பளத்தோடு லிங்க்ட்இன்னில் போடுவதும் இதே வகைதான்.

பெண்களுக்குத் தனியாக

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2017இல் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம். ஆனால் கல்யாண போட்டோவைப் பார்த்துவிட்டுத் தேதியைக் கணக்குப் போடும் ஆட்களைச் சிறிய நிறுவனங்களில் பார்த்திருக்கிறேன். நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்புப் படங்களை நண்பர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். உங்களை டேக் செய்த படங்களையும் நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி மாற்றுங்கள். சொந்தக்காரர்கள் போடும் படங்கள்தான் நம் கையில் இல்லாதவை. இன்டர்வியூவில் "குழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்டால், "இந்த வேலைக்குத் தேவையான நேரத்தை என்னால் கொடுக்க முடியும் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

பாஸ்வேர்ட் கேட்டால்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2012இலேயே, வேலைக்கு வருகிறவரிடம் சமூக ஊடகப் பாஸ்வேர்டைக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நம் ஊரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நீங்களே பொதுவில் வைத்த தகவலுக்குப் பொருந்தாது என்று சொல்கிறது. பப்ளிக் என்று விட்டுவைத்த பதிவைப் பார்த்ததற்காக அந்தச் சட்டத்தைக் காட்டி நீங்கள் கேள்வி கேட்க முடியாது.

ஆனால் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டியதில்லை. "பாஸ்வேர்டைப் பகிரக் கூடாதுன்னு ஃபேஸ்புக் விதியிலேயே இருக்கு சார், என் பொதுப் பக்கத்தை நீங்க தாராளமா பார்க்கலாம்" என்று சொல்லலாம். ஓ.டி.பி. கேட்கிறவர் எச்.ஆரே இல்லை, ஃபோனை வைத்துவிடுங்கள். இன்டர்வியூ எடுத்தவர் இன்ஸ்டாவில் ஃபாலோ ரெக்வெஸ்ட் கொடுத்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, லிங்க்ட்இன்னில் நீங்களே ஒரு இன்விடேஷன் அனுப்புங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆன்சைட், அதாவது கம்பெனி வேலையாக வெளிநாடு போகும் ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்க விசா படிவத்தில் கடந்த ஐந்து வருடமாக நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களை 2019இலிருந்து கேட்கிறார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்கும், 2025 டிசம்பர் 15இலிருந்து எச்-1பி வேலை விசாவுக்கும், அவர்களுடைய குடும்பத்தினருக்கான எச்-4 விசாவுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் கணக்குகளைப் பப்ளிக்காகத் திறந்துவைக்க வேண்டும் என்கிறார்கள். பூட்டி வைத்தால் போதும் என்று இருப்பவர்களுக்கு அங்கே அந்தப் பூட்டு உதவாது. உள்ளே இருப்பதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எப்போது தொடங்குவது

இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். அவசரத்தில் நல்லதும் போய்விடும். இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்கு ஏழாவது செமஸ்டரில் பிளேஸ்மென்ட் தொடங்கிவிடும், ஆறாவது முடிந்த லீவிலேயே இதை முடித்துவிடுங்கள். சமூக ஊடகக் கணக்கே இல்லாதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை, கணக்கு இல்லாததை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. லிங்க்ட்இன் மட்டும் இருந்தால் போதும். அதில் ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் நீங்கள் உண்மையில் செய்த பகுதியை நாலு வரியில் எழுதுங்கள். 'பேஷனேட் லேர்னர்' என்று எல்லோரும் எழுதுவதை எழுத வேண்டாம். "எங்கள் ஊர் ரேஷன் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தைச் சொல்லும் ஆப், டேட்டாபேஸ் பகுதி நான் செய்தது" என்று எழுதியிருந்த ஒரு பெண்ணை, அந்த வரியைப் பார்த்ததுமே நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தேன்.

இன்டர்வியூவில் பழைய பதிவு ஒன்றை எடுத்துக் காட்டிக் கேட்டால், "அது நான் இல்லை, யாரோ ஹேக் செய்துட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆமா சார், நான் எழுதினதுதான். காலேஜ் படிக்கும்போது எழுதினது. இப்போ அப்படி எழுத மாட்டேன், அதான் எடுத்துட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிள்ளைகளை எடுத்த மேனேஜர்களை எனக்குத் தெரியும்.

உண்மையிலேயே உங்கள் பெயரிலும் போட்டோவிலும் வேறு யாராவது போலிக் கணக்கு நடத்தினால் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கின் மெனுவிலேயே ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகாரைப் பதிவு செய்து, கிடைக்கும் எண்ணை மெயிலில் பத்திரமாக வையுங்கள். எச்.ஆர். அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கலாம், தேதியோடு.